42 வயதில் நீந்தப் போனவனும் அவன் போட்ட களிசான்களும்

வெள்ளவத்தைக்காரன்:

முழங்கால் நோவுக்கு டொக்டர் "ஓடாதீர்கள், நீந்துங்கள்" என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கும் கடலுக்கும் இடையில் மரைன் டிரைவும் தண்டவாளமும்தான். ஆனாலும் எனக்கு நீந்தத் தெரியாது. 42 வயதில் அதைச் சொல்வதே வெட்கமாக இருந்தது. அதைவிடப் பெரிய வெட்கம் நீச்சல் தடாகத்தில் காத்திருந்தது.

வீட்டில் போடும் பருத்திக் கட்டைக் களிசானோடு போனேன். படியில் கால் வைக்கவில்லை, காவலுக்கு நின்ற பெடியன் விசில் ஊதினான். "அங்கிள், இதோட இறங்க ஏலாது." நானும் விடவில்லை, நியாயம் கேட்டேன். பருத்தியின் நூல் கழன்று வடிகட்டியை அடைக்கும், நனைந்தால் பாரமாகி இடுப்பிலிருந்து இறங்கும் என்று பொறுமையாக விளக்கினான். சரி என்று கரையில் உட்கார்ந்து மற்றவர்களின் இடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு என்ன செய்வது? முக்கோணமாக, தொடையை முழுக்க விட்டுவைத்த பிரீஃப். ஸ்பீடோ என்று ஊரே சொல்வது அதைத்தான். பெட்டிபோல் வெட்டி, தொடை தொடங்கும் இடத்தில் நிற்கும் ஒன்று. முழங்காலுக்குச் சற்று மேல்வரை தோலோடு ஒட்டிய ஜாமர். இடுப்பில் இலாஸ்டிக் வைத்த தொளதொளா டிரங்க்ஸ். இத்தனை வகை இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

எதை வாங்குவது? மானம் மறைப்பது எதுவோ அது. புறக்கோட்டையில் தென்னைமரம் அச்சடித்த போர்ட் ஷோர்ட்ஸ் ஒன்று எடுத்தேன். தண்ணீரில் இறங்கியதும் அது பலூன்போல் உப்பியது. காற்று போனதும் இரண்டு பொக்கற்றும் வாளிபோல் தண்ணீர் அள்ளின. பக்கத்தில் சின்னப் பெடியன்கள் மூன்று தரம் போய் வர, நான் ஒரு தரம்கூட முடிக்கவில்லை. பயிற்சியாளர் சிரித்தார். "இது அலையில சறுக்கிற சர்ஃபிங் பலகையில இருக்கிறவனுக்குத் தைச்சது. தொடை பலகையில உரசாம இருக்கத்தான் அந்த நீளம். நீர் பலகை இல்லாம வந்திருக்கிறீர்."

அடுத்தது டிரங்க்ஸ். உள்ளே வலை தைத்திருக்கும். அந்த வலைதான் உள்ளாடை என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஜட்டிக்கு மேல் போட்டு ஒரு மணித்தியாலம் நீந்தினேன். ஈரத் துணி இரண்டும் சேர்ந்து உரசி, அடுத்த இரண்டு நாள் அலுவலகத்தில் நான் நடந்த நடையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

கடைசியில் ஜாமர். மனைவி பார்த்துவிட்டு, "சைக்கிள் ஓடப் போறீங்களோ?" என்றாள். கூச்சத்தில் ஓர் அளவு பெரிதாக வாங்கியிருந்தேன், அதுதான் பிழை. காய்ந்திருக்கும்போது இறுக்கமாக இருந்தால்தான் நனைந்த பிறகு சரியாக நிற்கும். சுவரை உதைத்துப் புறப்பட்டேன், நான் முன்னால் போனேன், அது பின்னால் நின்றது. ஒரு கையால் நீந்தி, மறு கையால் அதைப் பிடித்துக்கொண்டு கரைக்கு வந்தேன். இப்போது சரியான அளவு. உள்பக்க நாடாவையும் இறுக்கி முடிகிறேன். தொடை, வயிறு எல்லாம் அப்படியே தெரிகிறது. தண்ணீரில் இறங்கினால் யாரும் பார்ப்பதில்லை, அவரவர் மூச்சு அவரவருக்கு.

அறுகம்குடா போய் வந்தவன்:

போர்ட் ஷோர்ட்ஸை இப்படி ஏசாதீர்கள் அண்ணை. எனக்கு நடந்தது நேர் எதிர். தடாகத்துக்குப் போடும் இலாஸ்டிக் டிரங்க்ஸோடு அறுகம்குடாவில் அலைக்குள் போனேன். பலகையில் எழும்பி நின்றது இரண்டு வினாடி. விழுந்தபோது அலை ஒரே இழுவையில் அதை முழங்காலுக்குக் கொண்டு போனது. போர்ட் ஷோர்ட்ஸின் இடுப்பு இழுபடாது, முன்னால் வெல்க்ரோ, அதற்கு மேல் லேஸ். எதற்கு இவ்வளவு பூட்டு என்று கடையில் சிரித்தவன் நான்தான்.

இரண்டு பெடியன்களின் அம்மா:

என் மூத்தவன் பாடசாலை அணியில் நீந்துகிறான். பயிற்சிக்கு பிரீஃப், போட்டிக்கு ஜாமர். பிரீஃபில் கால் முழுக்கச் சுதந்திரமாம், தவளை நீச்சலுக்கு அதுதான் சுகமாம். முதல் நாள் துவைத்துக் கொடியில் போட்டபோது மாமி, "கோமணத்துக்கு இவ்வளவு காசோ?" என்று கேட்டார். மாமா வல்வெட்டித்துறைக்காரர், விடுவாரா? 1954இல் பாக்குநீரிணையை நீந்திக் கடந்த நவரத்தினசாமி, 1971இல் அதே நீரிணையைப் போய்த் திரும்பி நீந்திய ஆழிக்குமரன் ஆனந்தன் என்று தொடங்கி, "அவையளுக்கு ஜாமரோ இருந்தது?" என்று முடித்தார்.

மகனிடம் அதற்கும் பதில் இருந்தது. 2009 ரோம் உலக நீச்சல் போட்டியில் உடம்பு முழுக்க மூடும், ரப்பர் போன்ற பொலியூரித்தேன் உடைகளோடு 43 உலக சாதனைகள் விழுந்தனவாம். உடைதான் நீந்துகிறதா, ஆள்தான் நீந்துகிறானா என்று சண்டை வந்து, 2010 முதல் ஆண்களுக்குத் தொப்புளுக்கு மேலேயும் போகக் கூடாது, முழங்காலுக்குக் கீழேயும் போகக் கூடாது, நெய்த துணியாக இருக்க வேண்டும் என்று விதி போட்டார்கள். போட்டிகளில் எல்லோரும் ஜாமரில் நிற்பது அதனால்தான். மாமா கேட்டுக்கொண்டார், ஒப்புக்கொள்ளவில்லை.

எனக்கு இதில் உள்ள ஒரே கவலை குளோரின். லைக்ரா என்ற இழுபடும் நூல் கலந்த துணியை அது தின்றுவிடும். தினமும் நீந்துகிறவனுக்குச் சில மாதத்திலேயே தளர்ந்து, பின்பக்கம் மெலிந்து, வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரியும். இப்போது பொலியஸ்டர் என்று எழுதியிருப்பதைத்தான் வாங்குகிறேன். வந்த கையோடு குழாய்த் தண்ணீரில் அலசி நிழலில் போட வேண்டும். ஈரத் துவாய்க்குள் சுருட்டிப் பைக்குள் விட்டுவைத்தால் அடி விழும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

வெள்ளவத்தைக்காரன்:

அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுப் போய் என்னுடையதை ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன். எதிர்வீட்டு மாடி நன்றாகவே தெரிகிறது. எத்தனை வாரமாக இப்படிப் போய்க்கொண்டிருக்கிறேன் என்று அந்த விசில் பெடியனிடம் கேட்கலாம்தான், கேட்கப் போவதில்லை.