கைவேலை மரச்சாமான், பெட்டி: இன்னும் மனசுல நிக்கிற அனுபவம் இருந்தா சொல்லுங்க

கானாடுகாத்தான்காரன்:
காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு பழைய சாமான் கடைங்க எல்லாருக்கும் தெரியும், நேரா விஷயத்துக்கு வரேன். ஒரு கணக்குப்பிள்ளை பெட்டி, தரையில உக்காந்து எழுதுவாங்கல்ல, சரிவா மூடி போட்டது, பர்மா தேக்கு. மூடியத் தூக்குனா உள்ள வரிசையா குட்டி இழுப்பறை. ஒண்ண உள்ள தள்ளுனேன், பக்கத்துல இருந்தது தானா ஒரு விரக்கடை வெளிய வந்துச்சு. அதத் தள்ளுனா இது வருது. ஸ்பிரிங் கிடையாது ஒண்ணும் கிடையாது, உள்ள அடைபட்ட காத்துதான் தள்ளுது! அவ்ளோ இறுக்கமா இழைச்சிருந்தும் துளி உரசல் இல்ல. வெல கைக்கு எட்டல, வந்துட்டேன். ஆனா அந்த இழுப்பறை மெதுவா வெளிய வந்தது இருக்கே, நைட்டு படுத்தா அதுதான் ஞாபகம் வருது.

வைரம்பாஞ்சவன்:
சகோ, இறுக்கம் மட்டும் வேலைத்திறம் ஆகாது. வெயில் காலத்துல அப்படி இருக்குற இழுப்பறை ஐப்பசி மழையில ஊறி சிக்கிக்கிச்சுன்னா என்ன பிரயோஜனம்? மரம் நீளவாக்குல அசையாது, அகலவாக்குலதான் உப்பும் சுருங்கும், அதுக்கு எடம் விட்டு செய்றவருதான் ஆசாரி. எங்க வீட்டு பழைய பீரோ கதவுல நடுப்பலகைக்கு பசையே போடல, சட்டத்துல காடி, அதாவது நீளமா பள்ளம், எடுத்து சும்மா சொருகி விட்டிருக்கு, இன்னைக்கு வரைக்கும் வெடிக்கல. என் கதை அவ்ளோதான். ஆனா பழசு வாங்குறவங்க ஒண்ணு கேட்டுக்கங்க, வாங்குன கையோட உப்புத்தாள் போட்டுத் தேச்சு வார்னிஷ் அடிக்காதீங்க, தயவுசெஞ்சு. கண்ணுல படாத எடத்துல ஸ்பிரிட் தொட்ட துணிய வச்சுப் பாருங்க, பிசுபிசுன்னு எளகுனா அது அரக்கு பாலிஷ், அதே பாலிஷ மேல ஒத்தி எடுத்தா போதும், பழைய நிறம் அப்படியே நிக்கும். மூட்டு ஆடுதுன்னு ஆணி அடிக்காதீங்க. அந்தக் காலத்து வச்சிரப் பசை, மாட்டுத்தோல் காய்ச்சி எடுக்குறது, சூடும் ஈரமும் பட்டா விட்டுரும், கழட்டி சுத்தம் பண்ணி திரும்ப ஒட்டலாம், ஆணி அடிச்சா கழுந்து, அதான் மூட்டுத் துளைக்குள்ள சொருகுற முனை, பிளந்துரும், அப்புறம் எந்த ஆசாரியாலயும் ஒண்ணும் பண்ண முடியாது.

கானாடுகாத்தான்காரன்:
அண்ணே நான் போனதே அடைமழையில. அப்பவும் வழுக்கிட்டுதான் வந்துச்சு. அதத்தான் சொல்றேன்.

மலர்_நாகர்கோவில்:
சண்டைக்கு நடுவுல நானும் சொல்லிர்றேன். கொச்சி மட்டாஞ்சேரில ஒரு நெட்டூர் பெட்டி பாத்தேன், கேரளால நகை வைக்கிறது, மூடி ஓட்டுக்கூரை மாதிரி நாலு பக்கமும் சரிஞ்சு இருக்கும், மூலைக்கு மூல பித்தளைப் பட்டை. எல்லாரும் பித்தளையத்தான் பாக்குறாங்க. எனக்கு ஈட்டி மரத்து (ரோஸ்வுட்) ரேகை. முன்பக்கம் ஓடுற ஒரு கருப்புக் கோடு மூலையில திரும்பி பக்கவாட்டுல அப்படியே தொடருது, வெரல வச்சு சுத்தி வந்தேன். ஒரே பலகைய வரிசை மாறாம அறுத்து சுத்தி வச்சிருக்காங்க. அறுக்குறதுக்கு முன்னாடியே அந்தக் கோடு எங்க போய் நிக்கணும்னு யோசிச்ச ஆளு யாருன்னு பெட்டியில எங்கயும் பேரு இல்ல, அது எனக்கு இன்னும் ஆறல. கடைக்காரர்கிட்ட கேட்டேன், எந்த ஊர்ல செஞ்சதுன்னு கூட அவருக்குத் தெரியல. இப்பவும் ஈட்டியில இப்படி ரேகை சேத்து செய்றவங்க யாராச்சும் தெரிஞ்சா எந்த ஊருன்னு மட்டும் சொல்லுங்க, நேர்ல போய் பாக்கணும்.