மாதாந்திர வேலையின்மை விகிதத்தை மாநிலவாரி, தொழில்வாரியாகப் பிரிக்க முடியுமா?

மாதமடல்:
சங்க இதழில் மாதாமாதம் அரைப்பக்கம் இந்திய வேலைவாய்ப்பு நிலவரம் போடுகிறோம். சில குழப்பங்கள். பிஎல்எஃப்எஸ் (மத்திய அரசு வீடுவீடாக நடத்தும் தொழிலாளர் கணக்கெடுப்பு) மாத அறிக்கையில் வேலையின்மை விகிதம் 2025 ஏப்ரலுக்கு 5.1%, மே மாதத்துக்கு 5.6%. அதே கணக்கெடுப்பின் 2023–24 ஆண்டறிக்கையில் 3.2% தான். எதைப் போடுவது? தமிழ்நாட்டுக்கு மட்டும், கட்டுமானம், ஜவுளி மாதிரி தொழில்களுக்கு மட்டும் மாத எண் எங்கே கிடைக்கும்? பிஎஃப் அலுவலகம் வெளியிடும் எண்ணிக்கையை "புதிய வேலைகள்" என்று எழுதலாமா?

மாதிரிக்கூறு:
இரண்டும் சரி. கேட்ட கேள்விதான் வேறு. 3.2% என்பது "வழக்கமான நிலை": கடந்த 365 நாளில் பெரும்பகுதி என்ன செய்தார் என்று பார்ப்பார்கள், அதோடு துணைவேலையாக 30 நாள் செய்திருந்தாலும் வேலையில் இருப்பவர்தான். மாத அறிக்கையில் இருப்பது "நடப்பு வார நிலை". கடந்த 7 நாளில் ஏதாவது ஒரு நாள் ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தால் போதும், அவர் வேலையில் இருப்பவர். அதுகூட இல்லாமல், வேலை தேடியோ கிடைத்தால் செய்யத் தயாராகவோ இருந்தால் வேலையற்றவர்.

நடவுக்கும் அறுப்புக்கும் சேர்த்து இரண்டு மாதம் கூலிக்குப் போய், மீதி நாளெல்லாம் வேலை தேடுகிறவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக் கணக்கில் அவர் வேலையில் இருப்பவர். வேலை இல்லாத வாரத்தில் களப்பணியாளர் வந்து கேட்டால் வேலையற்றவர். வார எண் உயரமாகத் தெரிவதற்கு முக்கியக் காரணம் இதுதான். இரண்டையும் ஒரே கோட்டில் இணைத்து வரைபடம் போட்டுவிடாதீர்கள். தவிர, 2025 ஜனவரியில் மாதிரி வடிவமைப்பே மாறிவிட்டது. அதற்கு முந்தைய எண்களோடு ஒப்பிடுவதானால் அடிக்குறிப்பு கட்டாயம்.

மாநிலத்துக்கு மாத எண் கிடையாது. புதிய வடிவமைப்பில் ஆண்டுக்கு 22,692 முதல்நிலை அலகுகள், அதாவது முதலில் தேர்ந்தெடுக்கும் சிறு பகுதிகள் (கிராமம் 12,504, நகரம் 10,188), அலகுக்கு 12 வீடு, ஆக 2,72,304 வீடுகள். கேட்கப் பெரிதாக இருக்கும். அதை மாதம், மாநிலம், கிராமம்–நகரம், ஆண்–பெண் என்று கூறு போட்டால் ஒவ்வொரு பெட்டியிலும் மிஞ்சும் வேலையற்றோர் விரல்விட்டு எண்ணும் அளவுதான். பிழை வரம்பு விகிதத்தையே விழுங்கிவிடும். தமிழ்நாட்டுக்குக் காலாண்டு அறிக்கையை எடுங்கள். முன்பு அது நகரத்துக்கு மட்டும். 2025 ஏப்ரல்–ஜூன் முதல் கிராமமும் சேர்ந்து வருகிறது.

தொழில்வாரிக் கணக்கும் காலாண்டில்தான், அதுவும் பெரும் பிரிவுகளாக. அந்த முதல் காலாண்டில் கிராமப்புறத்தில் வேலையில் இருப்போரில், ஆண்களில் 44.6%, பெண்களில் 70.9% பேர் விவசாயத்தில். கட்டுமானம், உற்பத்தி என்று தனித்தனியாக வேண்டுமானால் ஆண்டறிக்கைக்குப் போக வேண்டும். "ஜவுளித் துறையில் வேலையின்மை விகிதம்" என்று எழுதும் எண்ணமே வேண்டாம். முதல்முறை வேலை தேடுகிறவர் எந்தத் துறையில் சேருவார்?

வரப்போரம்:
மேலே சொன்னதோடு ஒன்று. வேலையின்மை விகிதத்தைத் தனியாகப் போடாதீர்கள். அதன் வகுக்கும் எண் மொத்த மக்கள் தொகை அல்ல, வேலை செய்பவரும் தேடுபவரும் சேர்ந்த கூட்டம் மட்டும்.

ஏப்ரலில் பங்கேற்பு விகிதம் (15 வயதுக்கு மேற்பட்டோரில் அந்தக் கூட்டம் எத்தனை சதவீதம்) 55.6, வேலையில் இருப்போர் விகிதம் (அதே வயதினரில் வேலை செய்பவர் மட்டும்) 52.8. மே மாதம் 54.8, 51.7. வேலையில் இருப்போர் 1.1 புள்ளி சரிந்திருக்க, வேலையின்மை ஏறியது 0.5 தான். மற்றவர்கள் எங்கே? தேடுவதையே விட்டுக் கணக்கிலிருந்து வெளியேறிவிட்டார்கள். பங்கேற்பு 55.6இலேயே நின்றிருந்தால் (55.6 − 51.7) ÷ 55.6, அதாவது மே விகிதம் 7.0% ஆகியிருக்கும்! கிராமப்புறப் பெண்களின் பங்கேற்பு மட்டும் 38.2இலிருந்து 36.9க்கு இறங்கியது. ராபி (குளிர்காலப் பயிர்) அறுவடை முடிந்ததும் வெயிலும் காரணம் என்று கணக்கெடுப்பை நடத்தும் புள்ளியியல் அமைச்சகமே சொன்னது.

பருவத் திருத்தம் செய்யாத, அதாவது அறுவடை போன்ற பருவ ஏற்ற இறக்கத்தைக் கழிக்காத எண்கள் இவை. அதனால் மே மாதத்தை மே மாதத்தோடுதான் ஒப்பிட வேண்டும். ஒரே வீட்டுக்கு நான்கு மாதம் தொடர்ந்து போகிறார்கள், அடுத்தடுத்த மாதங்களில் 75% அலகுகள் பொதுவானவை. ஆகவே பருவத் தாக்கத்தை விட்டுவிட்டால், மாத மாற்றம் ஓரளவு நம்பகமானதுதான். அதற்காக 0.1 புள்ளிக்குத் தலைப்புச் செய்தி போட வேண்டாம்.

கோட்எண்:
பிஎஃப் எண்ணிக்கையைப் "புதிய வேலைகள்" என்று எழுதக்கூடாது. நிகரச் சேர்க்கை = புதிதாகச் சேர்ந்தவர் + விலகித் திரும்பியவர் − வெளியேறியவர். 19 பேர் இருந்த பட்டறை 20ஐத் தொட்டு பிஎஃப் சட்டத்துக்குள் வந்தால், அங்கே பல வருடமாக இருப்பவரும் அந்த மாதம் "புதியவர்". பழைய மாதக் கணக்கும் ஒவ்வொரு வெளியீட்டிலும் திருத்தப்படும். வெளியேறிய தேதியை நிறுவனங்கள் தாமதமாகத்தான் ஏற்றும். புதிதாக வந்த மாதத்தைத் திருத்தப்பட்ட பழைய மாதத்தோடு ஒப்பிட்டால் வளர்ச்சி பொய்யாகத் தெரியும்.

தொழில்வாரி அட்டவணையில் எப்போதும் முன்னால் நிற்பது "நிபுணத்துவ சேவைகள்". பெயரைப் பார்த்து ஆடிட்டர், வக்கீல் என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலும் ஆள் சப்ளை ஒப்பந்தக்காரர்களும் செக்யூரிட்டி நிறுவனங்களும்தான். கார் ஆலையில் ஒப்பந்தக்காரர் மூலம் நிற்கும் ஆளும் இங்கேதான் விழுவார், வாகன உற்பத்தியில் அல்ல. மாநிலமும் அப்படியே: நிறுவனம் எந்த மாநிலத்துக் கோட் எண்ணில் (பிஎஃப் பதிவு எண்) பணம் கட்டுகிறதோ, அந்த மாநிலக் கணக்கு. ஓரளவு பயன்படும் வரிசை, 18–25 வயதில் முதல்முறை சேருபவர்கள்.

மாதமடல்:
நன்றி. அப்படியானால் இந்த வரி சரியா: "2025 மே மாதம் நாட்டில் 5.6% பேர் வேலையில்லாமல் இருந்தனர்"?

வரப்போரம்:
இல்லை. "15 வயதும் அதற்கு மேலும் உள்ள தொழிலாளர் படையில் 5.6%, நடப்பு வார நிலைப்படி" என்று போடுங்கள். அடுத்த வரியிலேயே பங்கேற்பு 55.6இலிருந்து 54.8க்கு இறங்கியதையும் சொல்லிவிடுங்கள்.