தொட்டித் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர்: தக்காளி நாற்று கருகுகிறது, விதையும் கெட்டுவிடுமா?

மாடித்தக்காளி:
வணக்கம். எங்கள் குடியிருப்பில் போன வெள்ளிக்கிழமை 2,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டியைக் கழுவினார்கள். நிரப்பிய பிறகு காவலாளி அண்ணன் 200 கிராம் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றியிருக்கிறார். அது தெரியாமல் மூன்று நாள் அதே தண்ணீரை நாற்றுத் தட்டுக்கு விட்டேன். பதினைந்து நாள் நாட்டுத் தக்காளி நாற்று. இலை ஓரம் வெளுத்துக் காகிதம் போல் காய்கிறது. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தால் வேர் நுனி பழுப்பாகி மழுங்கியிருக்கிறது.

பாட்டி கொடுத்த விதை, வேறு கையிருப்பு இல்லை. குளோரின் மரபணுவையே கெடுத்துவிடும், இதில் விதை எடுக்காதே என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. உண்மையா?

உரக்குழி:
தென்னை நார்க்கழிவில் வளர்க்கிறீர்களா? சரியாக அலசாவிட்டால் அதிலுள்ள உப்பும் இலை ஓரத்தை இப்படித்தான் கருக்கும். தண்ணீர் மேல் பழி போடுமுன் அதைப் பாருங்கள்.

மாடித்தக்காளி:
மூன்று முறை அலசியதுதான் ஐயா. அதே நார்க்கழிவில் இன்னொரு தட்டு கீழே இருக்கிறது. அதற்குக் கிணற்றுத் தண்ணீர். பச்சைப் பசேல் என்று நிற்கிறது.

சொட்டுநீர்க்காரன்:
அப்படியானால் தண்ணீர்தான். புதுப் பவுடரில் மூன்றில் ஒரு பங்கு குளோரின். கணக்குப் போட்டால் லிட்டருக்கு 33 மில்லிகிராம் வருகிறது. மூட்டை பிரித்து நாளாகி வீரியம் பாதியானாலும் 16. வீட்டுக் குழாயில் இருக்க வேண்டிய குறைந்த அளவு 0.2தான்!

சொட்டுநீர்க் குழாயில் பாசி பிடித்தால் நாங்களும் 10 முதல் 20 வரை விடுவதுண்டு. ஆனால் அரை மணி, ஒரு மணி நேரம்தான். அதுவும் வயல் மண்ணில். மண்ணிலுள்ள மக்கு குளோரினைத் தின்றுவிடும். ஒரு குழிக்குள் இருக்கும் கைப்பிடி நார்க்கழிவு எவ்வளவு தாங்கும்?

வேர்நுனி:
தாவரவியல் ஆசிரியர் நான். அக்கா சொன்னதில் பாதி உண்மை. ஒரு பொருள் மரபணுவைக் கெடுக்கிறதா என்று வெங்காய வேர் நுனியை நசுக்கிச் சாயமேற்றிப் பார்க்கும் சோதனை 1938 முதல் இருக்கிறது. வெங்காயத்தின் குரோமோசோம்கள் (மரபணுக்களைத் தாங்கும் இழைகள்) 16தான், பெரியவை, எளிதில் தெரியும். குளோரின் நீரிலுள்ள மக்கிய பொருளோடு சேர்ந்தால் குளோரோபார்ம் போன்றவை உண்டாகும். இத்தகைய நீரில் முளைத்த வேரில், பிரிய வேண்டிய குரோமோசோம்கள் பாலம் போல் ஒட்டிக்கொண்டு நிற்பதையும், தனியே சிதறிய நுண்கருக்களையும் (செல்லின் உட்கருவுக்கு வெளியே கிடக்கும் சின்னக் கருக்கள்) காணலாம்.

ஆனால் அந்தச் செல்கள் வேரோடு போய்விடும். விதை வருவது பூவிலிருந்து. பூ வருவது தண்டின் நுனிக் குருத்திலிருந்து. மூன்று நாள் வேரில் பட்டது அங்கே போய்ப் பாட்டியின் விதையை மாற்றிவிடும் என்று நான் பயப்பட மாட்டேன். மழுங்கிய வேரைப் பார்த்ததும் மரபணுக் கோளாறு என்று சொல்லிவிடவும் முடியாது. எரிச்சலில் வளர்ச்சி நின்றாலும் அப்படித்தான் இருக்கும்.

குருத்து பச்சையாக இருக்கும் நாற்றுகளை வைத்துக்கொள்ளுங்கள். கிணற்றுத் தண்ணீரைத் தட்டின் அடியில் வடியுமளவு விட்டு அலசுங்கள்.

மாடித்தக்காளி:
ஐந்து நாள் கழித்து எழுதுகிறேன். தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டர் ஒருவரிடம் குளோரோஸ்கோப் (மருந்து விட்டு வரும் மஞ்சள் நிறத்தை ஒப்பிட்டுத் தண்ணீரில் குளோரின் அளவைப் பார்க்கும் பெட்டி) இரவல் வாங்கினேன். மருந்து விட்டதும் பெட்டியிலுள்ள எந்த மஞ்சளுக்கும் அடங்காமல் ஆரஞ்சாகவே மாறிவிட்டது. அதே தண்ணீரை வாயகன்ற டிரம்மில் இரண்டு நாள் வெயிலில் வைத்தபின் நிறமே வரவில்லை.

36 நாற்றில் 22 பிழைத்தன. ஒன்றை மெல்லத் தூக்கிப் பார்த்தேன். பழுப்பு நுனிக்கு மேலே பக்கவாட்டில் வெள்ளை வேர் விட்டிருக்கிறது. காவலாளி அண்ணனுக்கு ஒரு தேக்கரண்டி வாங்கிக் கொடுத்துவிட்டேன்.