கேட்டாரா இல்லையா? ரொன் போலும் இறால் காசும்

பழைய கச்சேரி:
நேற்று இங்கே ஒரு தம்பி எழுதியிருந்தார். அமெரிக்காவில் ரொன் போல் என்று ஒரு காங்கிரஸ் உறுப்பினர், அதாவது அந்த நாட்டு எம்.பி, இருந்தாராம். டெக்சாஸ்காரர், குடியரசுக் கட்சி. அரசாங்கக் காசில் ஒரு சதம் தொடாதவராம். அவரைப் போல ஒரு எம்.பி மட்டக்களப்புக்குக் கிடைத்தால் அரச உத்தியோகத்தரில் பாதிப்பேரை வீட்டுக்கு அனுப்பி நாட்டை நிமிர்த்திவிடலாமாம். வாசித்த பிறகு எனக்கு நித்திரை வரவில்லை. முப்பத்து நான்கு வருடம் கந்தோரில் இருந்தவன் நான். 1978 நவம்பர் புயலுக்கு அடுத்த நாள் கூரை இல்லாத கட்டடத்தில் நனைந்த பைல்களை வெயிலில் பரப்பிக் காயவைத்தவன்.

சரி, தொடாதவர் என்றே வைத்துக்கொள்வோம். 2007இல் தன் தொகுதிக்கு என்று அவர் கேட்ட ஒதுக்கீடுகளில் ஒன்று, இறால் விளம்பரத்துக்கு 80 இலட்சம் டொலர். இறால்! எங்கள் இறாலை வாங்கித் தின்னுங்கள் என்று சனத்துக்குச் சொல்வதற்கு அரசாங்கக் காசு. கேட்டாரா இல்லையா?

சிக்கன முதலாளி:
அந்தத் தம்பி நான்தான் ஐயா. தம்பி என்றதற்கு நன்றி, எனக்கு 52 வயது. பஜாரில் கடை வைத்து வரி கட்டுகிறவன்.

ரொன் போலைப் பற்றி முழுவதும் தெரிந்துகொண்டு எழுதுங்கள். அவர் மகப்பேற்று வைத்தியர். நாலாயிரம் பிள்ளைகளுக்கு மேல் பிரசவம் பார்த்தவர். அரசாங்க மருத்துவத் திட்டத்தின் காசு வேண்டாம் என்று ஏழைகளைக் குறைந்த காசுக்கோ இலவசமாகவோ பார்த்தவர். காங்கிரஸ் ஓய்வூதியம் வேண்டாம் என்றவர். தன் அலுவலகத்துக்கு ஒதுக்கிய காசில் மிஞ்சியதைத் திறைசேரிக்குத் திருப்பி அனுப்பியவர். 1999இல் கறுப்பின மக்களின் உரிமைக்காக நின்ற ரோசா பார்க்ஸ் அம்மையாருக்குத் தங்கப் பதக்கம் கொடுக்கும் சட்டமூலத்துக்கு 424 பேர் ஆதரவு, இவர் ஒருவர்தான் எதிர்ப்பு. அந்த அம்மாவில் கோபம் இல்லை. செலவு முப்பதாயிரம் டொலர், ஆளுக்கு நூறு டொலர் எங்கள் சட்டைப்பையில் இருந்து போடுவோம், நானும் போடுகிறேன் என்றார். அது மனிதன்.

எங்கள் ஆட்கள்? 1977இல் கொண்டுவந்த சட்டத்தில் ஐந்து வருடம் கதிரையைச் சூடாக்கினாலே எம்.பிக்கு ஓய்வூதியம் என்று வைத்திருந்தார்கள். தீர்வையில்லாத வாகனப் பெர்மிட்டும் வேறு எடுத்தார்கள்.

பழைய கச்சேரி:
நான் இறாலைக் கேட்டேன். நீங்கள் பதக்கத்தைக் காட்டுகிறீர்கள். கேட்டாரா இல்லையா?

சிக்கன முதலாளி:
கேட்டார். ஆனால் வாக்களிக்கவில்லை. தன் தொகுதிக்கு ஒதுக்கச் சொல்லிக் கடிதம் கொடுப்பார், மறுகா அந்த மொத்தச் சட்டமூலத்தையும் எதிர்த்து வாக்களிப்பார். காரணமும் சொன்னார்: வரி கட்டியது என் தொகுதிச் சனம், எப்படியும் செலவாகப் போகிற காசு, காங்கிரஸ் இடம் காட்டாவிட்டால் ஜனாதிபதியின் நிர்வாகம் தன் விருப்பத்துக்குச் செலவழிக்கும். இதில் என்ன பிழை?

பழைய கச்சேரி:
கலியாண வீட்டில் "எனக்கு இறைச்சி வேண்டாம்" என்று பந்தல் கேட்கச் சத்தம் போட்டுவிட்டு, குசினிப் பக்கம் போய்ப் பார்சல் கட்டச் சொல்லும் ஆட்களை எங்கள் ஊரிலும் கண்டிருக்கிறேன். அவர் ஒருவர் எதிர்த்தால் சட்டமூலம் தோற்காது என்று அவருக்குத் தெரியும். கையும் சுத்தம், இறாலும் வீட்டுக்கு வந்துவிடும்.

தொகுதி வேலைக்கு என்று எங்கள் எம்.பிமாருக்கு ஒதுக்கும் பன்முகப்படுத்தப்பட்ட நிதி இதைவிட நேர்மை. எனக்குக் கொடு என்று கேட்டு, கையைத் தூக்கி வாக்கும் போட்டு, கோயிலுக்குக் கதிரை வாங்கிக் கொடுத்து, அந்தக் கதிரையிலேயே பெயரையும் எழுதுகிறார்கள்.

பட்டதாரி 2017:
இரண்டு பேரும் ஒரு நிமிடம். அரச சேவை என்று எதைச் சொல்கிறீர்கள்? ஆசிரியரா, தாதியா, கிளாக்கரா, இராணுவமா? பாதிப்பேரை அனுப்பச் சொல்கிறவர் இராணுவத்தையும் கணக்கில் சேர்த்துத்தான் சொல்கிறாரா? அது தெரியாமல் எப்படிக் கதைப்பது?

நானும் ஒரு அபிவிருத்தி உத்தியோகத்தர்தான். 2017இல் பட்டதாரிகளுக்கு வேலை கேட்டு மட்டக்களப்புக் காந்திப் பூங்காவுக்கு முன்னால் வெயிலில் கிடந்தவர்களில் ஒருத்தி. இன்றைக்கு என் கந்தோரில் எங்கள் பதினொரு பேருக்கு ஆறு கதிரை. அதனால் முதலாளி சொல்வதில் ஒன்றுமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை.

பழைய கச்சேரி:
தங்கச்சி, கதிரை இல்லாதது உங்கள் பிழை இல்லை. வேலை கொடுக்காமல் நியமனம் கொடுத்தவர்களின் பிழை. இறால் விஷயம் வேறு.

சம்மாந்துறை வட்டை:
கிளாக்கர் ஐயா, உங்கள் கந்தோர்ப் பெருமையைக் கொஞ்சம் குறையுங்கள். 2021இல் ஒரே வர்த்தமானியில் இரசாயன உரத்தை நிறுத்தினார்களே, அந்தப் போகம் என் வயல் வட்டையில் பயிர் மஞ்சளித்து நின்றபோது எத்தனை உத்தியோகத்தர் வரம்பில் இறங்கினார்கள்? படிவம் மட்டும் மூன்று தரம் நிரப்பச் சொன்னார்கள். போன மாதம் உர மானியத்தைப் பற்றி நான் எழுதியபோது "பெரிய வயல்காரப் போடிமாருக்கு மானியம் எதற்கு" என்று நக்கலடித்தவர் நீங்கள். மறக்கவில்லை. 1962இல் இருந்து இருக்கிற மானியம் அது. போடிமாருக்கு மட்டும் வந்ததில்லை.

பழைய கச்சேரி:
போடியார், உங்கள் மானியம் பிழை என்று நான் எப்போதும் சொன்னதில்லை. மானியம் வாங்கிக்கொண்டே அரசாங்கம் எதற்கு என்று கேட்கக்கூடாது என்றுதான் சொன்னேன். அந்த டெக்சாஸ்காரருக்கும் அதையேதான் சொல்கிறேன்.

சம்மாந்துறை வட்டை:
நான் எப்போது அரசாங்கம் எதற்கு என்று கேட்டேன்? காட்டுங்கள் பார்ப்போம்.

வாவி இறால்:
இறால் என்று கண்டு உள்ளே வந்தேன். எங்களுடையது இறால் வியாபாரம், வாப்பா காலத்தில் இருந்து. ஒரு திருத்தம். அவர் கேட்டது கடலில் பிடிக்கும் இறாலுக்கு. ஆசியாவில் பண்ணையில் வளர்த்த மலிவு இறால் வந்து குவிந்து, மெக்சிக்கோ வளைகுடா மீனவர்களுக்கு விலை படாமல் போன காலம் அது. அதற்குத்தான் கடல் இறாலுக்கு விளம்பரம். எந்த இறால் என்று தெரியாமல் அடிபடாதீர்கள்.

பழைய கச்சேரி:
அப்படிச் சொல்லுங்கள்! ஆசியாக்காரனின் இறாலை ஓரம்கட்ட அரசாங்கக் காசு கேட்டவர். அவரைத்தான் முதலாளி மட்டக்களப்புக்குக் கூப்பிடுகிறார். திறந்த சந்தை வாழ்க!

சிக்கன முதலாளி:
வாக்களிக்கவில்லை. வாக்களிக்கவில்லை. வாக்களிக்கவில்லை. எத்தனை தரம் எழுத வேண்டும்?

2011இல் அவர் போட்ட திட்டத்தைப் பாருங்கள். முதல் வருடத்திலேயே ஒரு டிரில்லியன் டொலர் வெட்டு. ஐந்து அமைச்சுகளை மூடுவது. ஜனாதிபதியானால் தனக்குச் சம்பளம் 39,336 டொலர் போதும் என்றார், ஒரு சாதாரண தொழிலாளி எடுக்கும் அளவு. நாங்கள் 2022இல் கடன் கட்ட முடியாது என்று கையை விரித்து, 2023இல் ஐ.எம்.எஃப்பிடம் 300 கோடி டொலருக்குக் கையேந்தியவர்கள். இதையாவது யோசியுங்கள்.

பட்டதாரி 2017:
அந்த ஐந்தில் கல்வி அமைச்சும் ஒன்று என்பதையும் சேர்த்து எழுதுங்கள். என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

நாவலடி:
இறாலை விடுங்கள். 2005இல் கத்ரீனா சூறாவளி நிவாரணத்துக்கே எதிர்த்து வாக்களித்தவர் அவர். 2011இல் ஃபீமா என்ற அவசர நிவாரண நிறுவனமே தேவையில்லை, 1900இல் இருந்ததைப் போல இருந்தால் போதும் என்றார். அந்த 1900இல்தான் டெக்சாஸின் கல்வெஸ்டனைப் புயல் அடித்தது, அவருடைய தொகுதிப் பக்கம்தான். சுனாமியில் நான்கு பேரைப் புதைத்த வீடு எங்களுடையது. இப்படிக் கதைப்பவரை எனக்குப் பிடிக்காது, அவ்வளவுதான்.

சிக்கன முதலாளி:
உங்கள் இழப்பைப் பற்றி நான் எதுவும் கதைக்கவில்லை. ஆனால் கல்வெஸ்டன் மக்கள் யாரையும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. உள்ளூர் நிர்வாகமே கடன்பத்திரம் விற்றுக் கடற்சுவர் கட்டியது. இன்றைக்கும் நிற்கிறது.

நாவலடி:
ஆறாயிரம் பேருக்கு மேல் செத்த பிறகு.

பழைய கச்சேரி:
78இல் எங்களுக்கு முதலில் வந்தது அரசாங்க லொறி. அரிசி மூட்டையை இறக்கி, பெயர்ப் பட்டியல் எழுதி, ஆளுக்குக் கொத்துக் கணக்கில் அளந்து கொடுத்தது யார்? கிளாக்கர். கடைகளில் பூட்டு. சில முதலாளிமார் மண்ணெண்ணெயைப் பதுக்கியதும் நினைவிருக்கிறது. யார் என்று சொல்ல மாட்டேன்.

சிக்கன முதலாளி:
78இல் எனக்குப் பத்து வயதுகூட ஆகவில்லை. என் அப்பாவைச் சொல்கிறீர்களா?

பழைய கச்சேரி:
யார் என்று சொல்ல மாட்டேன் என்றுதானே எழுதினேன்.

சிக்கன முதலாளி:
கிளாக்கர் புத்தி! கல்லடிப் புதுப் பாலம் யப்பான் காசில் வந்தது, உங்கள் கந்தோர்க் காசில் இல்லை. இருக்கிற கந்தோர் போதாது என்று கல்முனையில் ஒரே ஊருக்கு இரண்டு பிரதேச செயலகம் வேறு கேட்கிறீர்கள்.

பாண்டிருப்பு:
ஐயா, அதை ஏன் இதற்குள் இழுக்கிறீர்கள்? கல்முனை வடக்கு புதிதாகக் கேட்கும் கந்தோர் இல்லை. முப்பது வருடமாக உப செயலகமாகவே இழுபடுகிறது. 2019இல் அதற்காக உண்ணாவிரதம் இருந்தார்கள். மட்டக்களப்பில் இருந்துகொண்டு எங்கள் செலவுக் கணக்குப் பார்க்க வேண்டாம்.

சம்மாந்துறை வட்டை:
அதில் மற்றப் பக்கத்து முஸ்லிம் சனத்துக்கும் கதை இருக்கிறது தம்பி. எல்லையை எப்படிப் பிரிப்பது என்று இரண்டு பக்கமும் இருந்து கதைக்காமல், கந்தோரைக் கேட்டால் கிடைத்துவிடுமா?

பாண்டிருப்பு:
வந்துவிட்டார்கள். உரத்துக்கு அழுதவர் இப்போது எல்லைக்கு வந்துவிட்டார்.

சம்மாந்துறை வட்டை:
அழுதேனா? ஒரு போகம் வேளாண்மை செய்து பாருங்கள், பிறகு கதைப்போம்.

வாவி இறால்:
இரண்டு பேரும் அந்தச் சண்டையை வேறு இடத்தில் பிடியுங்கள். முதலாளி, ஒரு சந்தேகம். உங்கள் ஆள் காங்கிரஸ் ஓய்வூதியத்தை வேண்டாம் என்றது சரி. ஆனால் அரசாங்கத்தின் சமூகப் பாதுகாப்புக் கொடுப்பனவை எடுக்கிறேன் என்று 2012இல் தொலைக்காட்சியில் தானே ஒப்புக்கொண்டாரே? அதுவும் "வாக்களிக்கவில்லை" கணக்கிலா?

சிக்கன முதலாளி:
அது அவர் சம்பளத்தில் இருந்து பிடித்த காசு! கட்டியதைத் திருப்பி எடுப்பது பிழையா?

பழைய கச்சேரி:
என் பென்சனும் முப்பத்து நான்கு வருடம் உழைத்ததற்கு வருகிறது. அவர் எடுத்தால் கட்டிய காசு. நான் எடுத்தால் நாட்டுக்குப் பாரம். இறால் கேட்டால் தொகுதிச் சனத்தின் வரி. நாங்கள் பாலம் கேட்டால் பிச்சை. தராசு நன்றாக இருக்கிறது முதலாளி, கடையிலும் இதே தராசா?

சிக்கன முதலாளி:
என் தராசுக்கு முத்திரை குத்தியிருக்கிறது. வந்து பார்க்கலாம். இறாலை அவர் கேட்டார், வாக்களிக்கவில்லை. இதற்கு மேல் நான் இங்கே எழுத மாட்டேன்.

பழைய கச்சேரி:
ஆக, கேட்டார்.

சிக்கன முதலாளி:
வாக்களிக்கவில்லை!

பட்டதாரி 2017:
இராணுவம் சேர்த்தியா இல்லையா?