பழைய அமெரிக்க மல்யுத்தம்: நிஜச் சண்டையா, செட்டப்பா?

இரும்புக்கை:
ரெஸ்லிங் என்றாலே "எல்லாம் செட்டப்" என்று சிரிக்கிறவர்களுக்காகத்தான் இந்த இழை. இன்று டிவியில் வருவது நாடகம், சரி. ஆனால் 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் இது அசல் குஸ்தி. வெர்மான்ட் மாநிலத்தில் குடியேறிய ஐரிஷ்காரர்களின் ஆட்டம் அது. ஒரு கை எதிராளியின் காலரில், இன்னொரு கை அவன் முழங்கையில். அப்படிப் பிடித்துக்கொண்டு நின்ற பிறகுதான் ஆட்டமே தொடங்கும். 1861இல் உள்நாட்டுப் போர் வந்ததும் வெர்மான்ட் சிப்பாய்கள் முகாம் முகாமாக இதைக் கொண்டுபோனார்கள். போர் முடிந்ததும் நியூயார்க் மதுக்கடைகளில் பந்தயம் கட்டி மோதினார்கள். இதில் நாடகம் எங்கே வந்தது?

திரைமறைவு:
பந்தயம் என்று நீங்களே சொல்லிவிட்டீர்களே, அங்கேதான் வந்தது. ஒருவன் மேல் ஊரே பணம் கட்டியிருக்கும்போது அவன் வேண்டுமென்றே மல்லாந்தால் யாருக்கு லாபம்? ரெண்டு மல்லர்களும் சேர்ந்து பங்கு போடலாம். அந்தக் காலத்துப் பத்திரிகைகளே இதை 'ஹிப்போட்ரோமிங்' என்று திட்டின. தனிப் பெயர் வைத்துத் திட்டுகிற அளவுக்குச் சகஜமாக இருந்திருக்கிறது.

இரும்புக்கை:
அப்படியானால் 1881 ஜனவரியில் நியூயார்க்கில் நடந்த மல்டூன் - விஸ்லர் மோதலை என்ன சொல்வீர்கள்? வில்லியம் மல்டூன் நியூயார்க் போலீஸ்காரர். அதற்கு முந்தைய வருடம்தான் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் தீபோ பவரைச் சாய்த்துப் பட்டம் வாங்கியிருந்தார். கிளாரன்ஸ் விஸ்லர் அவரைவிடச் சின்ன உருவம். ஏழு மணி நேரத்துக்கு மேல் கட்டிப் புரண்டும் ஒருவர் தோளும் தரையில் படவில்லை. விளக்கை அணைத்து ஆட்டத்தை நிறுத்தினார்கள். டிரா. காசுக்கு நடிக்கிறவன் ஏழு மணி நேரமா நடிப்பான்? அரை மணியில் விழுந்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பான்.

சும்மாவந்தவன்:
ஏழு மணி நேரமா! அவ்வளவு நேரம் என்னதான் செய்தார்கள் அண்ணே?

இரும்புக்கை:
தம்பி, அது கிரேக்க-ரோமானிய முறை. (பெயர்தான் அப்படி. உண்மையில் ஃபிரெஞ்சுக்காரர்கள் 19ஆம் நூற்றாண்டில் உருவாக்கியது.) இடுப்புக்குக் கீழே பிடிக்கக் கூடாது, காலை வாரக் கூடாது. ஒருவன் குப்புறப் படுத்துக் கையை அகட்டிக்கொண்டால் போதும், புரட்டவே முடியாது. மேலே இருப்பவன் கழுத்தையும் தோளையும் நெம்பிக்கொண்டே கிடப்பான்.

திரைமறைவு:
அந்த ஆட்டம் நிஜம் என்றே வைத்துக்கொள்வோம். அதுதான் சிக்கலே. ஒருவன் குப்புறக் கிடப்பதை ஏழு மணி நேரம் பார்க்க எவன் டிக்கெட் வாங்குவான்? நிஜ மல்யுத்தம் அலுப்பு. டிக்கெட் விற்க வேண்டுமானால் விறுவிறுப்பு வேண்டும், விறுவிறுப்பு வேண்டுமானால் முன்கூட்டிப் பேசிக்கொள்ள வேண்டும். உங்கள் மல்டூனே பிறகு ஷேக்ஸ்பியர் நாடகத்தில் மல்லன் வேடம் கட்டினார், கிரேக்கச் சிலை போல உடம்பைக் காட்டி நின்றார். சும்மா சொல்லக் கூடாது, மனிதர் தொழில் தெரிந்தவர்.

சாம்பியன் பட்டம் கொடுத்தது யார் என்றும் பாருங்கள். சங்கம் கிடையாது, வாரியம் கிடையாது. 'போலீஸ் கெஜட்' என்ற பரபரப்புப் பத்திரிகையின் முதலாளி ரிச்சர்ட் ஃபாக்ஸ் பெல்ட் கொடுப்பார், அந்தச் செய்தியைப் போட்டே பத்திரிகையும் விற்பார்.

இரும்புக்கை:
பெல்ட் யார் கொடுத்தால் என்ன, எலும்பு முறிந்ததே! ஜப்பானிலிருந்து வந்த சோராகிச்சியின் காலை 1886இல் சிகாகோவில் ஈவன் லூயிஸ் முறித்தார். கழுத்தை நெரிக்கும் பிடிக்காகவே 'ஸ்ட்ராங்ளர்' என்று பெயர் வாங்கிய ஆள் லூயிஸ். அதுவும் செட்டப்பா?

திரைமறைவு:
அது நிஜமாகத்தான் இருக்க வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். எல்லா ஆட்டமும் பொய் என்று நான் சொல்லவே இல்லை. நிஜமும் பொய்யும் ஒரே கூடாரத்தில் இருந்தன, பார்க்கிறவனுக்கு எது எது என்று தெரியாது என்கிறேன். 1898ஐ எடுத்துக்கொள்ளுங்கள். துருக்கி மல்லர் யூசுஃப் இஸ்மாயில், மேடிசன் ஸ்கொயர் கார்டனில் எர்னஸ்ட் ரோபரை மேடையிலிருந்தே தள்ளிவிட்டார். கூட்டம் கொந்தளித்தது, ரோபர் ஜெயித்ததாக அறிவித்தார்கள். ஆத்திரம் ஆறுவதற்குள், ஏப்ரலில், மெட்ரோபாலிட்டன் ஓபரா ஹவுஸில் மறு ஆட்டம்! அதுவும் அடிதடியில் முடிந்தது. இஸ்மாயிலின் மேனேஜர் வில்லியம் பிரேடி யார் தெரியுமா? நாடகத் தயாரிப்பாளர்.

சும்மாவந்தவன்:
அந்தத் துருக்கிக்காரர் கப்பல் மூழ்கி இறந்தவர்தானே? இடுப்பில் தங்கக் காசு கட்டியிருந்ததால் நீந்த முடியவில்லை என்று படித்திருக்கிறேன்.

திரைமறைவு:
அவரேதான். அதே வருடம் ஜூலையில் 'லா பூர்கோன்' கப்பல் மூழ்கியபோது இறந்தார். அது உண்மை. தங்கக் காசு கதையை நான் நம்ப மாட்டேன். செத்த பிறகும் மனிதரை வைத்து விளம்பரம் செய்திருக்கிறார்கள்.

இரும்புக்கை:
உங்களுக்கு எதைப் பார்த்தாலும் சந்தேகம். அயோவா மாநிலத்து மார்ட்டின் 'ஃபார்மர்' பர்ன்ஸையாவது விட்டுவைப்பீர்களா? சுமார் 75 கிலோ எடைதான். 1895இல் அந்த ஸ்ட்ராங்ளர் லூயிஸையே வீழ்த்தினார். அடுத்த தலைமுறையின் பெரிய மல்லரான ஃபிராங்க் காட்சுக்கு வாத்தியாரும் அவர்தான்.

திரைமறைவு:
பர்ன்ஸ் மேல் எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் அவர் திருவிழாக்களில் என்ன செய்தார்? கழுத்தில் தூக்குக் கயிற்றை மாட்டிக்கொண்டு ஆறடி கீழே விழுந்து, தொங்கியபடியே 'யாங்கி டூடுல்' பாட்டைச் சீட்டியடித்தார். டிக்கெட் வாங்கிப் பார்த்தார்கள். அதை விளையாட்டு என்பீர்களா, வித்தை என்பீர்களா?

இரும்புக்கை:
அந்தக் கழுத்தின் சுற்றளவு 20 அங்குலம். வித்தையோ விளையாட்டோ, கழுத்து நிஜம்தானே?

சும்மாவந்தவன்:
கயிறு நிஜமா என்று இன்னும் யாரும் கேட்கவில்லையே அண்ணே.