கல்லீரல் புற்று ஆபரேஷனுக்கு அப்புறம் இம்யூன் செல் சிகிச்சை: அப்பாவுக்குக் கொடுக்கலாமா?

தாமரைக்கனி:

அப்பாவுக்கு 61 வயசு. ஏழு வாரம் முன்னாடி கல்லீரலோட வலது பக்கத்துல ஒரு பகுதியை வெட்டி எடுத்தாங்க. ஒரே கட்டி, 4.2 செ.மீ. பயாப்ஸி ரிப்போர்ட்டை நாப்பது தடவையாவது படிச்சிருப்பேன், மனப்பாடமே ஆயிடுச்சு. விளிம்பு சுத்தம், கட்டிக்கும் வெட்டின இடத்துக்கும் நடுவுல 8 மி.மீ. நுண் ரத்தக்குழாய்களுக்குள்ள புற்று செல்: "உண்டு". அந்த ஒரு வார்த்தைதான் தூங்க விடமாட்டேங்குது. ஈரல் புற்று இருந்தா ரத்தத்துல ஏறக்கூடிய ஏ.எஃப்.பி.ங்கிற புரதம் முன்னாடி 412, இப்ப 9. மிச்சம் இருக்கிற ஈரல்ல சிரோசிஸ், அதாவது ஈரல் தழும்பேறி இறுகுறது, ஆரம்பிச்சிருக்கு. எல்லாத்துக்கும் காரணம் ஹெபடைட்டிஸ் பி. எத்தனை வருஷமா உள்ள இருந்துச்சோ, யாருக்கும் தெரியல.

சர்ஜன், "எடுக்க வேண்டியதை எடுத்தாச்சு, மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஸ்கேன், வேற எதுவும் வேண்டாம்"னு சொல்லிட்டார். வேற எதுவுமே வேண்டாமா? அதான் எனக்கு மனசு ஆறல.

தெரிஞ்சவங்க மூலமா ஒரு தனியார் மையத்தோட நம்பர் கிடைச்சுது. அப்பாவோட ரத்தத்தை எடுத்து, அதுல இருக்கிற எதிர்ப்பு செல்லை லேப்ல பெருக்கி, திரும்ப டிரிப்ஸ்ல ஏத்துவாங்களாம். மொத்தம் ஆறு தடவை. என்ன செல்னு கேட்டேன். "டி செல், என்.கே. செல் எல்லாம் கலந்து வரும் மேடம்"னாங்க. பக்கவிளைவு? "சொந்த ரத்தம்தானே, எப்படி வரும்?" என் கேள்விக்குப் பதில் கேள்வி!

அப்பாவுக்கு மாத்திரைன்னாலே ஆகாது. "கட்டியே போயிடுச்சு, இனிமே எதுக்கு"ன்னு எண்டெகாவிரைக் கூட ரெண்டு வாரமா தொடல. அதுக்கு அப்புறமா சண்டை போட்டுக்கலாம்னு விட்டு வச்சிருக்கேன். ஆனா இந்த செல் சிகிச்சைக்கு மட்டும் உடனே சரின்னுட்டார்.

இது நிஜமாவே வேலை செய்யுமா? யாராவது செஞ்சுக்கிட்டவங்க இருக்கீங்களா?

—

இன்குபேட்டர்_வாசி:

நான் மருத்துவர் இல்லை. செல் வளர்ப்பு லேபில் ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறேன், அந்தப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

"எல்லாம் கலந்து வரும்" என்ற பதில்தான் எனக்கு உறுத்துகிறது. கல்லீரல் புற்று ஆபரேஷனுக்குப் பிறகு பெரிய அளவில் சோதித்துப் பார்த்தவற்றில் முக்கியமானது சி.ஐ.கே. செல். வெள்ளணுக்களைப் பிரித்து, டி செல்லைத் தூண்டும் ஓர் ஆன்டிபாடியும் இன்டர்லூகின்-2 என்ற புரதமும் சேர்த்து இரண்டு மூன்று வாரம் வளர்த்தால், டி செல், என்.கே. செல் இரண்டின் அடையாளமும் ஒருசேர உள்ள செல்கள் பெருகும். இந்த வகையை 1991-லேயே விவரித்துவிட்டார்கள். கலவைதான், ஆனால் எது எத்தனை சதவீதம் என்று அளந்து எழுதிய கலவை.

பார்ப்பதற்கு எப்படி இருக்கும் என்றால், முதல் ஓரிரு நாள் பையில் ஒன்றுமே நடக்காதது போலத் தெரியும். மூன்றாம் நாள் மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் செல்கள் திராட்சைக் கொத்து மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சே வரும். அதன்பின் நாங்கள் பயன்படுத்தும் சிவப்பு மீடியம் ஆரஞ்சாகி, மஞ்சளுக்குத் திரும்பும். செல்கள் இருந்ததைத் தின்று அமிலமாகக் கழித்துவிட்டன, புதிது ஊற்று என்று அர்த்தம். ஆனால் எல்லோருடைய பையும் இப்படிப் பொங்காது. அதே முறை, அதே கை, பக்கத்துப் பை அப்படியே கிடக்கும். கடைசியில் ஒரு துளியில் நீலச் சாயம் விடுவோம். செத்த செல் நீலமாகிவிடும், உயிருள்ள செல் சாயத்தை உள்ளே விடாது. எண்ணி, தாளில் எழுதுவோம்.

நீங்கள் கேட்க வேண்டியது அந்தத் தாளைத்தான். ஒவ்வொரு பைக்கும் செல் எண்ணிக்கை, உயிரோடிருப்பவை எத்தனை சதவீதம், எந்த வகை எவ்வளவு, கிருமிச் சோதனை, எண்டோடாக்ஸின் என்ற பாக்டீரியா நச்சுக்கான சோதனை. எண்ணிக்கை குறைந்தால் அந்தப் பையை என்ன செய்வார்கள் என்றும் கேளுங்கள். தடுமாறினால் புரிந்துகொள்ளுங்கள்.

இன்னொன்று. ஹெபடைட்டிஸ் பி உள்ளவரின் ரத்தம் வந்தால் எங்களிடம் தனி இன்குபேட்டர், அன்றைய கடைசி வேலையாகத்தான் தொடுவோம். அதைப் பற்றி அவர்கள் ஏதாவது கேட்டார்களா?

—

ராத்திரி_டியூட்டி:

செல்லு கிடக்கட்டும் தங்கச்சி. அப்பா எண்டெகாவிரை நிறுத்தி ரெண்டு வாரம் ஆச்சுன்னு ஏதோ சும்மா ஒரு வரியில எழுதியிருக்கீங்க. நான் அந்த வரியிலேயே நின்னுட்டேன்.

கல்லீரல் வார்டுல இருபத்தி ரெண்டு வருஷம் நர்ஸா இருந்தவ நான். அந்த மாத்திரை கட்டிக்கு இல்ல, வைரஸுக்கு. திடீர்னு நிறுத்தினா வைரஸ் மறுபடி கிளம்பி ஈரல் வீங்கும். பாதி வெட்டின ஈரல், அதுலயும் சிரோசிஸ், அது தாங்காது. மஞ்சள் காமாலையோட, வயித்துல நீரோட வந்தவங்களைப் பார்த்திருக்கேன். "நல்லாத்தானே இருந்தேன், அதான் நிறுத்திட்டேன் சிஸ்டர்"ம்பாங்க.

புற்று திரும்புறது ரெண்டு விதம். முதல் ரெண்டு வருஷத்துக்குள்ள வர்றது பெரும்பாலும் ஆபரேஷனுக்கு முன்னாடியே தப்பிச்சுப் போன செல்லால. உங்களைத் தூங்க விடாத அந்த "உண்டு" இதுக்குத்தான். அதுக்கு அப்புறம் வர்றதுல நிறைய புதுப் புற்று, நோவுபட்ட ஈரல்லயே முளைக்கிறது. வைரஸை அடக்கி வச்சா திரும்ப வர்ற வாய்ப்பு குறையும். வேற ஒண்ணும் வேண்டாம்னு சர்ஜன் சொன்னதுல இந்த மாத்திரை சேர்த்தி இல்ல, அது பாட்டுக்கு ஓடிக்கிட்டு இருக்கணும்.

இன்னிக்கே டாக்டருக்குப் போன் போட்டு, இத்தனை நாள் விட்டுப்போச்சுன்னு ஒளிக்காம சொல்லுங்க. ரத்தத்துல வைரஸ் எவ்வளவுன்னு காட்டுற ஹெபடைட்டிஸ் பி டி.என்.ஏ.வும், ஈரல் அடிபட்டா ஏறுற ஏ.எல்.டி.யும் பார்க்கச் சொல்லுவாங்க. எண்டெகாவிர் வெறும் வயித்துல போடுற மாத்திரை, சாப்பாட்டுக்கு முன்னாடியும் பின்னாடியும் ரெண்டு மணி நேரம் இடைவெளி வேணும். படுக்கப் போறப்போ போடுறது நிறைய பேருக்கு தோதா இருக்கும்.

—

தாமரைக்கனி:

அக்கா, படிச்சதும் கை நடுங்கிடுச்சு. உடனே போன் பண்ணிட்டேன். இன்னிக்கு ராத்திரியே ஆரம்பிக்கச் சொல்லிட்டாங்க, நாளைக்குக் காலையில ரத்தம் கொடுக்கப் போறோம்.

லேப் அண்ணா, அந்த மையத்துல ஹெபடைட்டிஸ் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. அப்பா பேரு, வயசு, எப்ப வர்றீங்க, அவ்வளவுதான்.

—

பழைய_கணக்கு_வாத்தியார்:

நானும் ஈரல் வெட்டுப்பட்டவன்தான். ஆறு வருடம் ஆகிறது. இதே மாதிரி செல் சிகிச்சை ஆய்வு ஒன்றில் சேர்ந்தேன். கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்கியதில் எனக்கு விழுந்தது "கண்காணிப்பு மட்டும்". அன்றைக்கு வீட்டுக்கு வந்து யாரோடும் பேசவில்லை. லாட்டரியில் தோற்றவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன். பிறகு வேலையற்றவன் என்ன செய்வான், ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தேடிப் படித்தேன்.

கொரியாவில் 230 பேரை வைத்து சி.ஐ.கே. செல்லைச் சோதித்த முடிவு 2015-இல் வந்தது. ஆரம்ப நிலைப் புற்று, வெட்டியோ சுட்டோ முழுதாக அகற்றப்பட்டவர்கள். 60 வாரத்தில் 16 தடவை, ஒரு தடவைக்கு சுமார் 640 கோடி செல். புற்று திரும்பாமல் இருந்த காலத்தின் இடைநிலை 44 மாதம், கண்காணிப்பு மட்டும் பெற்றவர்களுக்கு 30 மாதம். இறப்பும் குறைந்தது. பதினான்கு மாதம் என்பது சின்ன விஷயமில்லை, தங்கள் சர்ஜனே இதை மறுக்க மாட்டார்.

ஆனால் நுணுக்கமாகப் பாருங்கள். போலி ஊசி கிடையாது, யாருக்கு என்ன கிடைத்தது என்று எல்லோருக்கும் தெரியும். பக்கவிளைவே வராது என்றார்களே, அந்த ஆய்வில் ஏதோ ஒரு தொந்தரவாவது வந்தவர்கள் 62 சதவீதம், மற்ற குழுவில் 41. கடுமையான தொந்தரவில் பெரிய வித்தியாசம் இல்லை என்பது ஆறுதல். அங்கே 16 தடவை, உங்களிடம் சொன்னது 6. அவர்கள் செல்லும் இவர்கள் செல்லும் ஒன்றா என்பதே தெரியாதபோது, அந்த 44 மாதத்தை இந்தப் பையின்மேல் ஒட்டுவது எப்படி?

அதற்கு முன்னால் டோக்கியோவில் 150 பேரிடம் வேறு முறையில் வளர்த்த செல்லைக் கொடுத்து, 2000-இல் வெளியிட்டார்கள். புற்று திரும்பியது 59 சதவீதம், கொடுக்காதவர்களில் 77. ஆனால் உயிரோடிருந்த காலத்தில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை.

மாத்திரை, ஊசிப் பக்கமும் இதே கதைதான். சொராஃபெனிபை 1,114 பேரிடம் சோதித்தார்கள், பலிக்கவில்லை. அதிசோலிசுமாப், பெவாசிசுமாப் ஜோடிக்கு 2023-இல் நல்ல சேதி வந்தது. அடுத்த வருடம் இன்னும் நீண்ட காலம் பார்த்தபோது அந்த லாபம் நிற்கவில்லை. இவை எதுவும் செல் இல்லை. அதிசோலிசுமாப் உடம்பில் இருக்கும் எதிர்ப்பு செல்களின் பிரேக்கை எடுக்கிற வகை மருந்து. விளம்பரத்தில் எல்லாவற்றையும் "இம்யூனோதெரபி" என்று ஒரே கூடையில் போட்டுவிடுகிறார்கள். உங்கள் சர்ஜன் சுருக்கமாகச் சொன்னது அலட்சியத்தால் அல்ல என்று நினைக்கிறேன். இன்னும் இரண்டு வாக்கியம் கூடச் சொல்லியிருக்கலாம், அது வேறு.

எனக்கு 19-ஆம் மாதம் திரும்ப வந்தது. எம்.ஆர்.ஐ.யில் 1.4 செ.மீ. புள்ளி. வயிற்றில் ஒரு வலி இல்லை, ஏ.எஃப்.பி. கூட ஏறவில்லை. ஊசி மாதிரி ஒன்றை உள்ளே விட்டுச் சுட்டார்கள், மறுநாள் வீடு. அன்றைய ஸ்கேனை "நல்லாத்தானே இருக்கேன்" என்று தள்ளிப்போட்டிருந்தால் எத்தனை சென்டிமீட்டரில் கண்டுபிடித்திருப்பார்களோ.

செல் சிகிச்சை வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். முறையாக அனுமதி பெற்ற மருந்தாகவோ, நெறிமுறைக் குழு ஒப்புதல் தந்த ஆய்விலோ கிடைத்தால், அப்பாவின் கல்லீரல் மருத்துவரோடு உட்கார்ந்து பேசுங்கள். ஆய்வு என்றால் செல்லுக்குக் காசு கேட்கிறார்களா என்று முதலில் பாருங்கள், எங்களிடம் கேட்கவில்லை.

—

தாமரைக்கனி:

எல்லாருக்கும் நன்றி. ஒரு வாரம் ஆச்சு, நடந்ததைச் சொல்லிடறேன்.

வைரஸ் டி.என்.ஏ. ரிப்போர்ட்ல மறுபடி தலைகாட்டியிருக்கு. ஏ.எல்.டி. 38தான், நேரத்தோட வந்துட்டீங்கன்னு டாக்டர் சொன்னார். அப்பாவைத் தனியாத் திட்டினார். நான் வெளிய உட்கார்ந்திருந்தேன், கதவு வழியாக் கேட்டுச்சு. மாத்திரை அட்டை இப்ப அப்பாவோட கண்ணாடிக் கூட்டுக்குள்ள இருக்கு. ராத்திரி கண்ணாடியைக் கழட்டி வைக்கிறப்போ கைக்கு வந்துடும்.

மையத்துக்குப் போன் பண்ணி அந்தத் தாளைக் கேட்டேன். "ஒவ்வொரு பைக்குமா?"ன்னு கேட்டாங்க. மேனேஜர்கிட்ட கேட்டுச் சொல்றேன்னாங்க. அதுக்கப்புறம் போன் வரல, நானும் பண்ணல. செல் சிகிச்சை ஆய்வு எதுவும் நடக்குதான்னு விசாரிச்சுச் சொல்றேன்னு டாக்டர் சொல்லியிருக்கார். அடுத்த மாசம் முதல் செவ்வாய்க்கிழமை ஸ்கேன்.

—

ராத்திரி_டியூட்டி:

ஸ்கேன் அன்னிக்கே ஏ.எஃப்.பி.க்கும் சேர்த்து ரத்தம் எடுத்துடச் சொல்லுங்க. ஸ்கேன்ல தெளிவாத் தெரிய ஏத்துற டைக்கு எப்படியும் ஊசி போடுவாங்க, அப்பாவுக்கு ஒரு குத்து மிச்சம்.