சேலத்திலிருந்து குல்மார்க்: பதினைந்து ஆண்டுக் கனவான ஸ்னோபோர்டு பயணத்துக்கு ஆறு நாள் போதுமா?

அம்மாபேட்டை ஐவர்:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் ஐந்து பேரும் சேலத்தில் ஒன்றாகக் கல்லூரியில் படித்தவர்கள். இறுதியாண்டில் ஒரு நாள் இரவு விடுதி அறையில், ஒற்றைப் பலகையில் நின்று பனியில் சறுக்கும் ஸ்னோபோர்டு விளையாட்டின் காணொளி ஒன்றைப் பார்த்துவிட்டு, என்றைக்காவது நாம் ஐவரும் சேர்ந்து பனிமலை உச்சியிலிருந்து சறுக்கி இறங்க வேண்டும் என்று பேசி வைத்தோம். அதன்பின் ஒருவன் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையை எடுத்து நடத்த வேண்டியதாயிற்று, இன்னொருவன் தறிக் கடனில் சிக்கினான், என் வீட்டில் அப்பாவுக்கு உடல்நலம் கெட்டது; இப்படியே பதினைந்து ஆண்டுகள் ஓடிவிட்டன. வரும் பிப்ரவரியில் எப்படியும் காஷ்மீரிலுள்ள குல்மார்க்குக்குப் போய்விடுவது என்று முடிவெடுத்திருக்கிறோம்.

மொத்தம் ஆறு நாள் திட்டம், அதில் பனியில் நான்கு நாள். எங்களில் ஒருவரும் பனியைத் தொட்டதில்லை. மார்கழி விடியலில் ஏற்காட்டில் நின்றதுதான் நாங்கள் அறிந்த குளிர். நான்காவது நாளில் ஐவரும் குல்மார்க்குக்கு மேலே இருக்கும் அஃபர்வத் மலை உச்சியிலிருந்து ஒன்றாக இறங்க முடியுமா? ஒரு நண்பனுக்கு வலது முழங்காலில் ஜவ்வு கிழிந்து அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறது. அவனை அழைத்துப் போகலாமா? இங்கிருந்தபடியே உடலைத் தயார் செய்ய என்ன வழி? அனுபவப்பட்டவர்கள் சொல்லும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நாகலூர் காப்பித்தோட்டம்:

நண்பரே, உங்கள் பதிவைப் படித்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் இருமுறை குல்மார்க் சென்றவன். 2022 பிப்ரவரியில் நல்ல பனி கிடைத்தது. 2024 ஜனவரி நடுவில் போனபோது பனியே இல்லை; கோல்ஃப் மைதானத்தில் காய்ந்த புல்லைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். 2025 பிப்ரவரியில் அங்கே நடக்க வேண்டியிருந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள்கூடப் பனி போதாமல் மார்ச்சுக்குத் தள்ளிப்போயின. பனிக்கு உறுதி கிடையாது. இருந்தாலும் நாள் குறிக்கும்போது பிப்ரவரியின் முதல் மூன்று வாரங்களுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். தங்குமிடத்தை, தேதி மாற்றிக்கொள்ள இடம் தருபவர்களிடம் மட்டும் பதிவு செய்யுங்கள்.

இப்போது உங்கள் முக்கியமான கேள்விக்கு வருகிறேன். நான்காவது நாளில் அஃபர்வத்திலிருந்து சறுக்கி இறங்குவது கூடவே கூடாது. குல்மார்க் ஊர் சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கம்பிவடத்தில் தொங்கிச் செல்லும் கோண்டோலாவின் முதல் கட்டம் இடையிலுள்ள கொங்டூரி நிலையம் வரை செல்லும், இரண்டாம் கட்டம் ஏறத்தாழ 3,950 மீட்டருக்குக் கொண்டுபோய் விடும். நம் ஏற்காட்டுச் சேர்வராயன் கோயில் இருக்கும் உயரத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். மேலே இருப்பவற்றில் பெரும்பகுதி இயந்திரம் கொண்டு சமன்படுத்தாத இயற்கைச் சரிவுகள். பனிச்சரிவு அபாயம் உள்ளவை. 2024 பிப்ரவரி 22 அன்று அங்கே ஏற்பட்ட பனிச்சரிவில் வெளிநாட்டுச் சறுக்கு வீரர் ஒருவர் உயிரிழந்தார். பனியில் புதைந்தவரைக் கண்டுபிடிக்க உதவும் சமிக்ஞைக் கருவியும் பனி தோண்டும் மண்வாரியும் வழிகாட்டியும் இல்லாமல், அவற்றைப் பயன்படுத்தத் தெரியாமல் அங்கே கால் வைக்கக் கூடாது.

ஆனால் உச்சியைப் பார்க்காமல் திரும்ப வேண்டியதில்லை. வானம் தெளிந்த ஒரு நாளில் போர்டைக் கீழேயே வைத்துவிட்டு, ஐவரும் கோண்டோலாவில் ஏறி, நின்று பார்த்துவிட்டு, அதே கோண்டோலாவில் இறங்கி வாருங்கள். ஒன்றாகச் சறுக்கும் ஆசையை ஊருக்குள்ளேயே இருக்கும் துவக்கநிலைச் சரிவில் நிறைவேற்றிக்கொள்ளலாம். அது சிறிய சரிவுதான், ஆனால் முதல் இரண்டு நாளும் அதுவே உங்களுக்குப் பெரிய மலையாகத் தெரியும்.

முதல் நாள் எப்படி இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்கீயில் காலுக்கு ஒன்றாக இரண்டு பலகை. ஸ்னோபோர்டில் இரண்டு காலும் ஒரே பலகையில் குறுக்குவாட்டில் கட்டப்பட்டிருக்கும். பூட்ஸின் அடியில் ஒட்டிய பனியை, பூட்ஸைப் பலகையோடு பிணைக்கும் பைண்டிங்கின் ஓரத்தில் தேய்த்து உதறினால்தான் கால் சரியாக உட்காரும். இல்லாவிட்டால் பட்டையை எவ்வளவு இறுக்கினாலும் பாதம் ஆடும். இதைச் செய்யக் கையுறையைக் கழற்றிய இரண்டே நிமிடத்தில் எனக்கு விரல் நுனிகள் மரத்துவிட்டன. எழுந்து நின்றதும் கால்விரல் பக்க விளிம்பையோ குதிகால் பக்க விளிம்பையோ பனியில் அழுத்தி நிற்கப் பழக வேண்டும். இரண்டும் அழுந்தாமல் பலகை தட்டையாக இருக்கும்போது கீழ்ச்சரிவுப் பக்க விளிம்பு பனியில் மாட்டினால், கண்ணிமைப்பதற்குள் ஆளைத் தூக்கி எறிந்துவிடும். அதனால் பயிற்சியாளர்கள் முதலில் கற்றுத் தருவது உதிர் இலை முறை. எங்கள் தோட்டத்துச் சில்வர் ஓக் இலை எப்படி இடமும் வலமுமாக அசைந்து அசைந்து இறங்குமோ, அப்படியே குதிகால் விளிம்பை விடாமல் சரிவின் குறுக்கே போய்வந்து இறங்க வேண்டும். இது கைவந்த பிறகுதான் பலகையைத் திருப்பப் பழக முடியும்.

ஆகையால் பனியில் ஆறு நாள், பயணத்தோடு சேர்த்துப் பத்து நாள் ஒதுக்குங்கள். ஐவரில் ஒருவன் இரண்டாம் நாளே பலகையைத் திருப்பக் கற்றுவிடுவான், இன்னொருவன் நான்காம் நாளும் விழுந்துகொண்டிருப்பான். 2022இல் எங்கள் குழுவில் முந்தியவர்கள் மேலே போய்விட, பிந்திய நண்பர் மூன்று நாள் தனியாகவே கழித்தார். அந்த வருத்தம் இன்றும் எனக்குண்டு. தினமும் கடைசி ஒரு மணி நேரமாவது அனைவரும் ஒரே சரிவில் இருப்பது என்று இங்கேயே பேசி வையுங்கள்.

சேலம் பிசியோ:

நான் இயன்முறை சிகிச்சையாளர். ஸ்கீயில் முழங்கால் அதிகம் அடிபடும். ஸ்னோபோர்டில் மணிக்கட்டும் தோளும். இரு காலும் ஒரே பலகையில் இருப்பதால் முழங்கால் தனியே முறுக்கிக்கொள்வது குறைவு. ஆனால் சரிவின் மேலே இழுத்துச் செல்லும் இழுவை லிஃப்ட்டில் ஏறும்போது பின்காலைக் கழற்றிவிட்டு ஒரு காலை மட்டும் கட்டியிருப்பார்கள். அப்போது விழுந்தால் கட்டிய முழங்கால் முறுக்கிக்கொள்ளும். உங்கள் நண்பர் அறுவை செய்த மருத்துவரிடம் இதைக் குறிப்பிட்டுச் சொல்லி, அவர் அனுமதித்தால் மட்டும் வரட்டும். இடது கால் முன்னே, வலது கால் முன்னே என இரு வகை நிலை உண்டு. வலது காலை முன்னே வைத்தால் லிஃப்ட்டில் கட்டியிருப்பது அந்தக் காலாகத்தான் இருக்கும் என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

விழும்போது உள்ளங்கையை ஊன்றுவதுதான் மணிக்கட்டு முறிவதற்குக் காரணம். முன்னால் விழுந்தால் விரல்களை மடக்கி முன்கைகளில் விழ வேண்டும்; பின்னால் விழுந்தால் தாடையை மார்போடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட வேண்டும். இதை வீட்டு மெத்தையிலேயே பழகலாம். மணிக்கட்டுக் காப்பும் ஹெல்மெட்டும் அவசியம்.

தயாரிப்புக்கு மூன்று மாதம் கொடுங்கள். நம் குமரகிரி மலைக்கோயில் படிகளை வாரம் மூன்று நாள் ஏறி இறங்குங்கள். பலரும் ஏறுவதைத்தான் பயிற்சி என்று நினைக்கிறார்கள்; சறுக்குக்கு வேண்டிய தொடை வலிமை மெதுவாக இறங்குவதில்தான் வருகிறது. முழங்கால் நண்பரும் இதையே, வலி இல்லாத அளவில், மருத்துவரைக் கேட்டுக்கொண்டு செய்யலாம்.

ஸ்ரீநகரில் ஒரு சேலத்துக்காரர்:

நமது ப்ரீபெய்டு சிம் இங்கே வேலை செய்யாது. குறைந்தது இருவராவது போஸ்ட்பெய்டுக்கு மாறி வாருங்கள். வாரம் ஒருமுறை சேலம் வழியாக வரும் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் ரயில் ஜம்மு பகுதியிலுள்ள கத்ரா வரை வருகிறது; 2025 ஜூனிலிருந்து கத்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு வந்தே பாரத் ஓடுகிறது, மூன்று மணி நேரம்தான். பனிமூட்டத்தில் விமானம் ரத்தானால் இது கை கொடுக்கும். போர்டையும் பூட்ஸையும் இங்கே வாடகைக்கு எடுங்கள். முன்னால் சாயும்போது குதிகால் மேலெழுந்தால் அந்த பூட்ஸ் வேண்டாம். காலுறை ஒரு ஜோடி போதும், கம்பளியாக இருக்கட்டும். ஜீன்ஸும் பருத்தி உள்ளாடையும் நனைந்தால் காயாது. வெயில் பனியில் பட்டுத் திரும்பி முகத்தைச் சுட்டுவிடும். கண்ணாடியும் சன்ஸ்கிரீனும் மறக்க வேண்டாம்.

அம்மாபேட்டை ஐவர்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று இரவு பட்டறையில் ஐவரும் கூடி இந்தப் பதில்களை உரக்கப் படித்தோம். பத்து நாளாக நீட்டிவிட்டோம். பட்டறைக்காரன் தன் தம்பியிடம் பொறுப்பை ஒப்படைக்கச் சம்மதித்துவிட்டான். உச்சிக்குக் கோண்டோலாவில் ஏறி, அதிலேயே இறங்குவது என்றும் முடிவாயிற்று. முழங்கால் நண்பன் வியாழக்கிழமை மருத்துவரைப் பார்க்கிறான். அவர் வேண்டாம் என்றால் பயணத்தை அவனுக்காக அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்கிறோம், நால்வராகப் போவதில்லை. ஞாயிறு காலை ஐந்தரை மணிக்குக் குமரகிரி அடிவாரத்தில் தொடங்குகிறோம். நாகலூர் அண்ணா, ஊரில் இருந்தால் நீங்களும் வாருங்கள்.